வாட்ச்சில் 132 காட்டுது: ஏடிஎச்டி மாத்திரை இதயத்தைப் பாதிக்குமா?

கோவை_அம்மா | வியாழன், இரவு 10:42

வணக்கமுங்க. பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். போன மாசம் ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற குறைபாடு)ன்னு சொல்லி மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி. ஆரம்பிச்சாங்க. காலைல இட்லி சாப்பிட்டதும் ஒண்ணு. போன வாரம் டீச்சரே கூப்பிட்டு, "இப்பத்தான் கணக்கு நோட்டுல தானா தேதி போட்டு எழுதறான்"னாங்க. மாத்திரை வேலை செய்யுதாங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னிக்குச் சாயங்காலம் அவன் மாமா வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு சோபால உக்காந்திருந்தான். எட்டிப் பார்த்தா இதயத் துடிப்பு 132. பத்து நிமிஷம் கழிச்சு 97. அப்புறம் 121. கை காலெல்லாம் ஆடிப்போச்சுங்க. நெட்ல தேடுனா முதல் வரியிலேயே "திடீர் மரணம்"னு வருது. மாத்திரை எழுதுன இடத்துல எடை பார்த்தாங்க. பிபி பார்க்கல, நெஞ்சுல ஸ்டெத் வச்ச ஞாபகமும் இல்லை. போன் போட்டா டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாராம்.

நாளைக்குக் காலைல கொடுக்கறதா வேண்டாங்களா? வீட்டுக்காரர் "கொடுக்காத"ங்கறார். மாமியார் "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கறாங்க.

எதிர்க்கேள்வி | வியாழன், இரவு 10:55

கொடுக்காதீங்க. அமெரிக்காக்காரனே இந்த மருந்துப் பெட்டியில கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சடிக்கிறான். கனடாவுல தடையே போட்டாங்க. ஓடியாடுற வயசுல ஓடியாடத்தான் செய்வான். நாங்கள்லாம் பெஞ்சு மேல ஏறி நின்னே எஸ்எஸ்எல்சி முடிச்சவங்க.

நடுநிசி_டூட்டி | வியாழன், இரவு 11:21

அக்கா, நான் மதுரைல நர்ஸ். ராத்திரி டூட்டிக்கு நடுவுல எழுதறேன். முதல்ல அந்த வாட்ச்சைக் கழட்டி வைங்க. பெரியவங்க கைக்குச் செஞ்ச வாட்ச், ஒன்பது வயசுப் பையன் கையில வளையல் மாதிரி சுத்தும். அடியில எரியற பச்சை லைட்டு தோலோட ஒட்டி இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். பட்டை தளர்ந்து போச்சுன்னா துடிப்பையும் கை ஆட்டத்தையும் சேர்த்து எண்ணிடும்.

இப்படிப் பாருங்க. பையனை அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வைங்க (கஷ்டம்தான், டிவி போட்டுக்கலாம், சண்டைப் படம் வேண்டாம்). கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல உங்க ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டையும் வைங்க. உங்க கட்டைவிரலை வைக்காதீங்க, அதுல உங்க துடிப்பே தெரியும். முழுசா 60 செகண்ட் எண்ணுங்க. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா ஒண்ணு ரெண்டு தப்பு நாலு எட்டாயிடும். எழுந்ததும் ஒரு தடவை, காலைல பத்து மணி வாக்குல ஒரு தடவை. ஒரு நோட்டுல எழுதி வைங்க. இந்த வயசுப் பையனுக்கு முழிச்சிருக்கும்போது 75லேருந்து 118 வரைக்கும் சாதாரணம்.

பிபி வீட்ல பார்க்கிறதா இருந்தா பெரியவங்க பட்டையைக் கட்டாதீங்க. கைக்குப் பெருசா இருந்தா பிபி குறைச்சுக் காட்டும், நாம நிம்மதியா இருந்துடுவோம். சின்னதா இருந்தா ஏத்திக் காட்டும்.

மஞ்சள்_ஸ்டெத் | வெள்ளி, காலை 6:10

குழந்தை மருத்துவன். பார்க்காத பிள்ளைக்கு இங்கே மருந்து எழுத மாட்டேன், நிறுத்தவும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். மெத்தில்ஃபெனிடேட்டை ஒரு நாள் விட்டால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. பயமாக இருந்தால் இன்றைக்கு விட்டுவிட்டு, அருகில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் நாடியும் பிபியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சு வலி, விளையாட்டுக்கு நடுவே மயங்கி விழுவது, காரணமில்லாத படபடப்பு இதெல்லாம் இருந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். 108 இருக்கிறது.

இப்போது எதிர்க்கேள்வி சொன்னதற்கு வருகிறேன். பாதி சரி.

கனடா தடை போட்டது உண்மை. 2005 பிப்ரவரியில் அடெரால் எக்ஸ்ஆர் என்ற மருந்தை நிறுத்தினார்கள். அது ஏடிஎச்டிக்கே கொடுக்கும் ஆம்ஃபெடமின் என்ற வேறு வகை மருந்து. உலகம் முழுவதிலிருந்தும் வந்திருந்த 20 திடீர் மரண அறிக்கைகள்தான் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்ப அனுமதித்தும் விட்டார்கள். இந்தப் பையன் சாப்பிடுவது அந்த மருந்து இல்லை.

கறுப்புக் கட்டத்தின் கதை சுவையானது. 2006 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒன்று, இதய ஆபத்தைக் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று 8க்கு 7 என்ற கணக்கில் வாக்களித்தது. ஒரே ஓட்டு வித்தியாசம். அடுத்த மாதமே குழந்தைகள் மருத்துவக் குழு கூடி, கட்டம் தேவையில்லை என்றது. இன்றைக்கு அந்தக் கட்டத்துக்குள் பெரிதாக இருப்பது பழக்கமாகிவிடுவது, தவறாகப் பயன்படுத்துவது, அதனால் வரும் மரணம் ஆகியவை. இதயத்தில் பிறவிக் கோளாறோ தீவிரமான துடிப்புக் கோளாறோ இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது கட்டத்துக்கு வெளியே, உள்ளிருக்கும் எச்சரிக்கைப் பகுதியில் வருகிறது. அந்த வரிதான் நமக்கு முக்கியம்.

மருந்து இதயத்தைத் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இது தடுக்கிறது. கவனம் நிற்பது அதனால்தான். அதே நார்அட்ரினலின் இதயத்தையும் ரத்தக் குழாயையும் சும்மா விடாது. சராசரியாக நாடி நிமிடத்துக்கு 3 முதல் 6 வரை கூடும், பிபி 2 முதல் 4 வரை கூடும். சராசரி என்பதால் ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே ஏறாது, இன்னொரு பிள்ளைக்கு 20 ஏறும். அந்த இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் அளக்கச் சொல்கிறோம்.

ரிட்டலின் என்ற பெயரே இந்தக் கதையைச் சொல்லும். 1944இல் சுவிட்சர்லாந்தில் சிபா நிறுவனத்தில் இதை முதலில் தயாரித்த லியாண்ட்ரோ பானிசோன், தன் மனைவி மார்கரீட்டாவின் செல்லப்பெயரான ரீட்டாவை வைத்தார். அந்த அம்மாவுக்கு லோ பிபி. டென்னிஸ் ஆடப் போகுமுன் இதைப் போட்டுக்கொள்வாராம்.

கோவை அம்மாவிடம் எனக்கு ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில், இரண்டு பக்கமும், 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? "மாரடைப்பு" என்று பெயர் சொன்னவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நன்றாக இருந்தவர் தூக்கத்தில் போனது, ஓடும்போது விழுந்தது, தண்ணீரில் போனது, தொட்டிலில் போன குழந்தை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வலிப்பு என்று மருந்து சாப்பிட்டவர்கள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். சொந்தத்தில் திருமணமா என்பதையும்.

எதிர்க்கேள்வி | வெள்ளி, காலை 7:02

பாதி சரின்னாலும் சரிதானே. அளக்காமலே எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு அந்தம்மாவே சொல்றாங்க, அதுக்கு பதிலைக் காணோம்.

மஞ்சள்_ஸ்டெத் | வெள்ளி, காலை 7:15

அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அளக்காமல் எழுதியது தப்பு. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதல், தொடங்கும் முன்பு, ஒவ்வொரு முறை அளவு மாற்றும்போதும், அப்புறம் 6 மாதத்துக்கு ஒரு முறை நாடியும் பிபியும் பார்க்கச் சொல்கிறது. ஓய்வில் இருக்கும்போதே நாடி 120க்கு மேல் நிலைத்து நின்றால் அளவைக் குறைத்து, அதற்கான சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. இரண்டு நிமிட வேலை. ஓபியில் வரிசை நீண்டால் முதலில் பறிபோவதும் அந்த இரண்டு நிமிடம்தான்.

பனங்கூடல் | வெள்ளி, காலை 8:33

நான் டொரண்டோவில இருக்கிறன். 38 வயசு. போன வருசம்தான் எனக்கு ஏடிஎச்டி எண்டு கண்டுபிடிச்சவை. பிள்ளையின்ர கதைக்குள்ள என்ர கதையைக் கொண்டு வாறன், குறை நினைக்காதேங்கோ. எனக்குத் தந்தது வைவான்ஸ், ஆம்ஃபெடமின் வகை. 50 மி.கி. வரைக்கும் கூட்டினவை. வேலை நல்லாப் போச்சுது. ரெண்டு மாசம் கழிச்சு பார்மசியில இருக்கிற மெஷினுக்குள்ள சும்மா கையை விட்டுப் பார்த்தன், 150க்கு 98. மெஷின் பழுது எண்டு நினைச்சு மற்றக் கையையும் விட்டன். 152.

குடும்ப வைத்தியர் முதல் கேட்டது, "நாளைக்கு எத்தினை கோப்பி?" ஆறு. பின்னேரத்தில ஒரு எனர்ஜி டிரிங்க். நித்திரை அஞ்சு மணித்தியாலம். மருந்து மட்டும்தான் காரணம் எண்டு நான் நினைச்சுக் கொண்டிருந்தன். 30 மி.கி. ஆக்கி, கோப்பியை ரெண்டாக்கி, இப்ப 128க்கு 82. ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்வி கிடக்குது. பத்து வருசம் குடிச்சா என்ன ஆகும்?

மஞ்சள்_ஸ்டெத் | வெள்ளி, பிற்பகல் 2:40

பனங்கூடல், உங்கள் கேள்விதான் கடினமானது. சேர்ந்தே பார்ப்போம்.

2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, 2 முதல் 24 வயது வரை 12 லட்சம் பேரை எடுத்தது. திடீர் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து மொத்தம் 81. ஒரு லட்சம் பேரை ஓராண்டு கவனித்தால் மூன்று பேர் என்ற கணக்கு. மருந்து சாப்பிட்டவர்களிடம் அது கூடவில்லை. ஆனால் நிகழ்வுகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது புள்ளிவிவரத்தின் பிடி தளர்ந்துவிடும். உண்மையான ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்திருந்தால்கூட அந்த ஆய்வில் தப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இதைச் சொல்லாமல் "நிரூபித்துவிட்டார்கள்" என்று மேற்கோள் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதே ஆண்டு 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களை வைத்து ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்விலும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

இரண்டும் "இப்போது சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகிறது" என்று கேட்டவை. நீங்கள் கேட்பது பல ஆண்டுகள் சாப்பிட்டால். அதைக் கேட்டது சுவீடன் ஆய்வு, 2023 நவம்பரில் வந்தது. ஏடிஎச்டி உள்ள 2,78,027 பேர், 14 ஆண்டு வரை. அதில் இதய, ரத்தக் குழாய் நோய் வந்த 10,388 பேரை, வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். மருந்து சாப்பிட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆபத்து 4 சதவீதம் கூடியது. முதல் மூன்று ஆண்டுகளில் 8, அதற்குப் பிறகு ஏற்றம் தட்டையாகிவிட்டது. கூடியது எதில் என்று பாருங்கள்: ரத்த அழுத்தம், ரத்தக் குழாய் நோய். துடிப்புக் கோளாறிலோ மாரடைப்பிலோ அப்படித் தெளிவாகக் கூடவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு சாப்பிடாதவர்களைவிட 80 சதவீதம் அதிகம்.

எல்லோரும் பயப்படுவது விளையாட்டு மைதானத்தில் சுருண்டு விழும் பிள்ளையை நினைத்து. இத்தனை ஆண்டு ஆய்வில் மேலே மிதந்து வந்தது சத்தமில்லாமல் ஏறும் பிபி. நீங்கள் அந்த மெஷினுக்குள் சும்மா கையை விட்டீர்கள் பாருங்கள், அந்தச் "சும்மா"வை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள்.

பனங்கூடல் | வெள்ளி, மாலை 5:04

விளங்குது டொக்டர். மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். மூண்டாவது கோப்பிக்கு நான் எழும்பினா இனி அவ விடமாட்டா.

மாத்திரைக்கடை | வெள்ளி, இரவு 9:18

28 வருசமா மருந்துக்கடை. டாக்டர்கள் பேசுறதுக்கு நடுவுல என் பங்கு.

இந்த மாத்திரை ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாட்டுல விக்கிற மருந்துப் பட்டியல். சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணை நாங்க வாங்கி ரெண்டு வருசம் வச்சிருக்கணும். சரக்கு தனி அலமாரியில பூட்டுப் போட்டு இருக்கும். அதனால பல கடையில வாங்கியே வைக்கிறது இல்ல. தலைவலி மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்கிற மாதிரி கேட்டா கிடைக்காது, கோவிச்சுக்காதீங்க. கனடா நண்பர் சொல்ற ஆம்ஃபெடமின் வகை என் அலமாரிக்கு ஒரு நாளும் வந்ததில்ல. இங்க மெத்தில்ஃபெனிடேட், அதை விட்டா அடோமாக்செட்டின். பின்னதுக்கு இந்தப் பூட்டு கிடையாது, அதனால "இது சாதுவான மாத்திரை"ன்னு ஒரு பேச்சு இருக்கு. அதுவும் நாடியை ஏத்தும், பிபியையும் ஏத்தும். அதுக்கும் அளக்கணும்.

நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கிறது வேற விஷயத்துக்கு. பையனுக்குச் சளி பிடிச்சா அம்மா வேற கடையில போய் "மூக்கடைப்புக்கு ஒரு சிரப்பு"ம்பாங்க. அதுல ஃபினைலெஃப்ரினோ சூடோஎஃபெட்ரினோ இருக்கும். ரெண்டுமே ரத்தக் குழாயைச் சுருக்குற சரக்கு. மாத்திரை ஒரு பக்கம் ஏத்த, சிரப்பு இன்னொரு பக்கம் ஏத்தும். வீசிங்குக்கு சால்பூட்டமால், டெரிஃபிலின் போனாலும் நெஞ்சு படபடக்கும். கொடுக்கவே கூடாதுன்னு சொல்லல, வீசிங்குக்குக் கொடுத்துத்தான் ஆகணும். கவுண்டர்ல நிக்கும்போது "பையன் இந்த மாத்திரை சாப்பிடுறான்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஏடிஎச்டின்னு சொல்ல வெக்கப்பட்டு மறைக்கிறாங்க, நாலு பேர் நிப்பாங்கன்னு. சீட்டை நீட்டுங்க போதும், நாங்க படிச்சுக்குவோம்.

ரெட்டை_வாலு | வெள்ளி, இரவு 10:47

மாத்திரையை விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதை எல்லா மாத்திரைக்கும் எடுத்துக்காதீங்க. எங்க பையனுக்கு மெத்தில்ஃபெனிடேட்டோட ராத்திரி குளோனிடின் இருந்தது, தூக்கத்துக்கும் படபடப்புக்கும். குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பின அவசரத்துல டப்பா ஃப்ரிட்ஜ் மேலயே நின்னுடுச்சு. மூணு நாள்தானேன்னு விட்டுட்டோம். ரெண்டாம் நாள் பொங்கல் வைக்கிற இடத்துல பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான், மூஞ்சியெல்லாம் சிவந்து வேர்வை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில பிபி 148. வயசு 10. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாத்திரையை நிறுத்துனீங்க?"

குளோனிடின் பிபியைக் குறைக்கிற மருந்து. திடீர்னு நிறுத்தினா அடக்கி வச்சதெல்லாம் எகிறும். படிப்படியாத்தான் இறக்கணும். இப்ப ஒரு பட்டை என் பர்ஸ்லயே இருக்கு.

மஞ்சள்_ஸ்டெத் | வெள்ளி, இரவு 11:05

ரெட்டை வாலு, சரியான இடத்தில் சொன்னீர்கள். நான் எழுதியது மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மட்டும்.

கோவை_அம்மா | சனி, காலை 11:30

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து மாத்திரை கொடுக்கல. எழுந்ததும் எண்ணுனேன், 82. பத்து மணிக்கு 86. அதே நேரத்துல வாட்ச்சைக் கட்டிப் பார்த்தேன், 124ன்னுச்சு. என் கையில கட்டுனா சரியாத்தான் காட்டுது. வாட்ச்சை அவன் மாமாவுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன். பக்கத்துல இருக்கற குழந்தை டாக்டர்கிட்ட சின்னப் பட்டை இருந்துச்சு, பிபி 102க்கு 64.

ஆனா இதை எழுத வந்தது அதுக்கில்லைங்க. டாக்டர் கேட்ட கேள்வியை நேத்து ராத்திரி மாமியார்கிட்ட கேட்டேன். "நம்ம வம்சத்துல அப்படியெல்லாம் யாரும் இல்ல"ன்னாங்க. தண்ணியில போனவங்க யாராச்சும்னு கேட்டதும் பேச்சை நிறுத்திட்டாங்க.

வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தாருங்க. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே 19 வயசுல தோட்டத்துக் கிணத்துல போயிட்டார். கால் வழுக்கி விழுந்துட்டார்னுதான் இத்தனை வருஷமா எனக்குத் தெரியும். வழுக்கலையாமா. எப்பவும் போல மேட்டுல இருந்து குதிச்சாராமா, மேல வரலையாமா. "அந்தக் கிணத்துல மீன் மாதிரி கிடப்பான், அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு சொன்னா ஊரே சிரிக்கும்"னு அழுதாங்க. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துல ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கார். காக்கா வலிப்புன்னு சொல்லி மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்காங்க.

எங்களது சொந்தத்துல இல்லைங்க. மாமியார், மாமனார் அத்தை மகன், மாமன் மகள். இது ஏதாச்சும் கணக்குல வருமுங்களா?

மஞ்சள்_ஸ்டெத் | சனி, காலை 11:52

வரும். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியே வையுங்கள், திங்கள் அன்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவரைப் பார்க்கக் கேளுங்கள். பதற வேண்டாம். கிணற்றில் போகிற எல்லோருக்கும் இதயக் கோளாறு இல்லை, தலையில் அடிபட்டிருக்கலாம், தண்ணீர் குடித்திருக்கலாம். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்தவர், அதற்கு முன்பு ஓடும்போது ஒரு மயக்கம். இரண்டும் சேர்ந்தால் நான் எழுந்து உட்காருவேன்.

நீள கியூடி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சாரத்தை மீட்டுக்கொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நேரம் நீளம். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. அட்ரினலின் பாயும் நேரத்தில், ஒரு வகையில் குறிப்பாக நீச்சலின்போது, துடிப்பு தாறுமாறாகிவிடும். மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் வெட்டும், பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள். ஈசிஜியில் பெரும்பாலும் தெரியும், எல்லோருக்கும் தெரியாது. அதனால் பையனுக்கு மட்டும் போதாது, உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் எடுக்கச் சொல்வார்கள்.

எதிர்க்கேள்வி | சனி, பிற்பகல் 12:20

அப்போ ஒவ்வொரு பிள்ளைக்கும் மாத்திரைக்கு முன்னாடி ஈசிஜி எடுத்துட்டா தீர்ந்துச்சே? நூறு, இருநூறு ரூபா விஷயம். ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?

நடுநிசி_டூட்டி | சனி, பிற்பகல் 1:15

நான் சொல்றேன் சார். எட்டு வயசுப் பொண்ணுக்கு ஈசிஜி எடுத்தோம். மெஷின் தானாவே கீழ அச்சடிச்சிருச்சு: "அசாதாரணம், முன்சுவர் ரத்த ஓட்டக் குறைவு சாத்தியம்". அப்பா அதைப் படிச்சுட்டு அங்கயே தரையில உக்காந்துட்டார். விஷயம் என்னன்னா, சின்னப் பிள்ளைங்களுக்கு நெஞ்சுல ஒட்டற வி1லேருந்து வி3 வரைக்குமான கம்பிகள்ல, டி அலைங்கற கோடு தலைகீழா இருக்கிறது இயல்பு. மெஷின்ல வயசை 8க்குப் பதிலா 38ன்னு தட்டிட்டாங்க. அது பெரியவங்க கணக்குல படிச்சிருச்சு. அதுக்கப்புறம் எக்கோ, இன்னொரு டாக்டர், ரெண்டு மாசம் பள்ளிக்கூட விளையாட்டுக்கு அனுப்பல. பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல.

மஞ்சள்_ஸ்டெத் | சனி, இரவு 8:30

இதே சண்டை 2008இல் அமெரிக்காவில் நடந்தது. ஏப்ரலில் அமெரிக்க இதயச் சங்கம் ஈசிஜி எடுப்பது நல்லது என்ற தொனியில் அறிக்கை விட்டது, பத்திரிகைகள் "கட்டாயம்" என்று எழுதின. மே மாதம் அந்தச் சங்கமும் குழந்தை மருத்துவ அகாடமியும் சேர்ந்து, நியாயமானது, ஆனால் கட்டாயமில்லை, ஈசிஜி இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று விளக்கம் கொடுத்தன. ஆகஸ்டில் அகாடமி, எல்லோருக்கும் தேவையில்லை என்றது. கோவை அம்மா வீட்டுப் பையனுக்கு எடுப்பது எல்லோருக்கும் எடுக்கிற கணக்கில் வராது. அந்தக் கிணறு இருக்கிறது.

நெறியாளர் | ஞாயிறு, காலை 9:00

இதே கேள்வியோடு வந்த இரண்டு இழைகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மாத்திரை அளவை மற்றவருக்குப் பரிந்துரைத்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.

கோவை_அம்மா | பதினோரு நாள் கழித்து, இரவு 9:50

இத்தனை நாள் பதில் போடாததுக்கு மன்னிச்சுக்குங்க. அலைச்சல்.

எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட கிணத்துக் கதையை முதல் வாக்கியமாவே சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டார். இதை நான் கேட்டிருக்கணும்னார், அதுலயே எனக்குக் கோபம் பாதி போயிடுச்சு.

இதய டாக்டர் பையனை உக்கார வச்சு, நிக்க வச்சு, குந்த வச்சு, மறுபடி நிக்க வச்சு ஸ்டெத் வச்சுக் கேட்டார். நின்னா சத்தம் கூடற கோளாறு ஒண்ணு இருக்காமா, அது இல்லைன்னார். ஈசிஜியை மெஷின் சொன்னதை விட்டுட்டு ஸ்கேல் வச்சு அவரே கோடு போட்டு அளந்தார். கியூடி கணக்கு 418, நல்லா இருக்குன்னார். எக்கோவும் நார்மல்.

வீட்டுக்காரருக்கும் ஈசிஜி. 431. அதுவும் சரிதான். ஓட வச்சு ஈசிஜி பார்க்கற ட்ரெட்மில்லுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி நர்ஸ் பிபி பார்த்தாங்க. அளந்துட்டு, ஒண்ணும் சொல்லாம இன்னொரு தடவை அளந்தாங்க. அப்புறம் வேற மெஷினைக் கொண்டு வந்தாங்க. 168க்கு 104. "சார், மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?" "எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்"னார். 41 வயசு, இதுவரைக்கும் பிபி பார்த்ததே இல்லையாமா. ட்ரெட்மில்லைத் தள்ளி வச்சுட்டாங்க. மறுநாளும் அதே கணக்குதான், இப்ப அவருக்கும் காலைல ஒரு மாத்திரை. அது அடங்கினப்புறம் ட்ரெட்மில்.

மாமியார் ஈசிஜி எடுக்க மாட்டேங்கறாங்க. "செத்தவனை எதுக்கு இப்ப எழுப்பறீங்க"ங்கறாங்க. அதை நான் வற்புறுத்தல. டாக்டர் கிணத்து விஷயத்தைப் பையன் ஃபைல்ல முதல் பக்கத்துலயே எழுதிட்டார். அவங்க அப்பாவோட ட்ரெட்மில் வந்ததும் முடிவு சொல்றேன், அதுவரைக்கும் மாத்திரை வேண்டாம், நீச்சல் வகுப்பும் வேண்டாம்னார். எல்லாம் சரியா இருந்தா 5 மி.கி.ல மறுபடி ஆரம்பிக்கலாமாமா, அளவு மாத்தும்போது இன்னொரு ஈசிஜி.

பையன் மறுபடி பழைய மாதிரிதான், கணக்கு நோட்டுல தேதி இல்லை. ஆனா நாடி நோட்டை அவன் எடுத்துக்கிட்டான். காலைல அப்பா கையைப் பிடிச்சு 60 வரைக்கும் எண்ணறான். பாதியில விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறான், மூணு தடவையாகுது. அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.

நடுநிசி_டூட்டி | இரவு 10:15

அக்கா, எண்ணி முடிக்கிற வரைக்கும் அண்ணனைப் பேச வேண்டாம்னு சொல்லுங்க. பல்லைக் கடிச்சாலும் பிபி ஏறும்.

மாத்திரைக்கடை | இரவு 10:31

சளி சிரப்பு விஷயம் இப்ப அவருக்கும் சேர்த்துத்தான்மா.

எதிர்க்கேள்வி | இரவு 11:48

நடுநிசி, ஒரு சந்தேகம். பிபி மெஷின் ஆன்லைன்ல வாங்கலாம்னு பார்த்தேன். பட்டை மூணு சைஸ் போட்டிருக்கான். எதை எடுக்கிறது?

நடுநிசி_டூட்டி | இரவு 11:52

பையனுக்கா சார்?

எதிர்க்கேள்வி | இரவு 11:59

இல்லைங்க. எனக்குத்தான். கை கொஞ்சம் பருமன்.